ருசி பார்க்க ஆளில்லாத கஞ்சி

சமைக்கத் தெரியாத ஆண்களால் ஒரு வீட்டுக்குப் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. பசித்தால் கடையில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவார்கள். சமையலைப் பற்றி வாசித்த ஆண்கள்தான் ஆபத்தானவர்கள். இரும்புச்சத்து எதில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்று தெரியாது. நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன். (இனம் என்று சொல்லக் கூடாது, வருத்தம், அதாவது நோய், என்றுதான் சொல்ல வேண்டும் என்பாள் என் மனைவி சிபானா.)

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்முனை பசாருக்குப் பின்னால் ஒரு குறுக்கு வீதியில், மேல்மாடியில் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி அது நடக்கக் கூடாத காரியம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கொண்டுவந்து இருத்துவதுதான் முறை. சிபானாவின் வாப்பா, அதாவது என் மாமா, சம்மாந்துறையில் வளவு வாங்கி, அத்திவாரம் போட்டு, சுவரும் எழுப்பிக்கொண்டுதான் இருந்தார். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்த நேரம் பார்த்து நாட்டுக்கு அந்தக் கெட்ட காலம் வந்தது. உரம் இல்லை, டீசல் இல்லை. அந்தப் போகம் மாமாவின் வயல் படுத்துவிட்டது. சீமெந்தோ காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. சுவர் ஜன்னல் உயரத்திலேயே நின்றுவிட்டது. கூரையில்லாத எங்கள் வரவேற்பறையில் அயல்வீட்டு ஆடுகள் வந்து படுக்கத் தொடங்கின.

மாமா ரோசக்காரர். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வெட்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். கல்முனைக்கு வந்தாலும் வேறு வீதியால் போய்விடுவார். தொலைபேசியில் என் குரல் கேட்டால், "மகன், சுகமா இரிக்கீங்களா, மகளுக்கிட்டக் குடுங்க" என்று மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். நாங்களும் அவரை நோகடிக்கக் கூடாது என்று 'சீமெந்து' என்ற சொல்லையே வீட்டில் உச்சரிப்பதில்லை. என்னுடைய சீமெந்து நிறக் காற்சட்டையைச் சிபானா 'அந்த மழைக்கலர் காற்சட்டை' என்றுதான் சொல்வாள். அவ்வளவு பக்குவமாக அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

நான் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். சிபானா ஒரு பாமசியில், மருந்துக்கடையில். இரண்டு சம்பளமும் இருந்த இடத்தில் இருக்க, சந்தை மட்டும் எங்களை விட்டுவிட்டு ஓடியது. மாட்டிறைச்சி கனவிலே வரும் பொருளாகிவிட்டது. கோழி முட்டையைக் கண்டால் எழுந்து நின்று சலாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. பால்மாப் பெட்டியைக் கடைக்காரர் நகைக்கடைக்காரரைப் போலக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் எனக்குத் தொலைபேசியில் ஞானம் கிடைத்தது. குறைந்த செலவில் நிறைந்த சத்து என்று ஒரு வீடியோவில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். ஒரு கிழமைக்குள் புரதம், நார்ச்சத்து, கல்சியம் என்று பேசத் தொடங்கிவிட்டேன். பேசியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பயறு முளைக்கவைக்கத் துணி தேடி ஒன்றும் கிடைக்காமல், பள்ளிவாசலுக்குப் போட்டுப்போகும் என் காலுறையில் (கழுவியதுதான், சத்தியமாகக் கழுவியதுதான்) கட்டித் தொங்கவிட்டேன். பலாக்கொட்டையில் கட்லட் செய்தேன். அதைக் கடித்த சிபானா, பாமசியிலிருந்து பல்வலிக் குளிசை கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், பக்கத்து மேசைக்காரர்களுக்கு உடனே வெளியில் அவசர வேலை வந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீடியோ மனிதர் சொன்னதில் பிழையே இல்லை. பயறு நல்லது. முருங்கையிலை நல்லது. குரக்கன் (கேழ்வரகு) நல்லது. நெத்தலிக் கருவாடு நல்லது. வெந்தயம் மிக நல்லது. ஆனால், நல்லவர்கள் எல்லாரையும் பிடித்து ஒரே பானைக்குள் அடைத்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நோன்பு வந்தது. ஒருநாள் சிபானா தன் உம்மாவோடு கதைத்துவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"வாப்பா விடியக்காலைச் சஹருக்கும் ஒழுங்காச் சாப்பிடுறல்லையாம். 'எண்ட புள்ளய வாடகை ஊட்டில பட்டினி போட்டுட்டன்' எண்டு சொல்லிச் சொல்லி அழுறாராம்."

மாமா அழுகிற மனிதரல்ல. நெல் மூட்டையைத் தனியே தூக்கி லொறியில் போடுகிறவர். நான் உடனே சொன்னேன்:

"எல்லாரையும் ஒருநாள் நோன்பு திறக்கக் கூப்பிடுவம். நாம பட்டினி இல்ல, நல்லாச் சத்தாச் சாப்பிட்டு சந்தோஷமா இரிக்கம் எண்டத அவரு கண்ணால காணட்டும்."

சிபானாவின் முகம் மலர்ந்தது. "ஓம் மச்சான், அது நல்ல வேல. நான் கஞ்சி காச்சுறன், சம்சா போடுறன். நீங்க பழத்த வெட்டுங்க."

"இல்ல," என்றேன். "கஞ்சி நான்தான் காச்சுவன். சம்சா வேணாம். வெறும் வயித்துல எண்ணெய்ப் பலகாரம் நஞ்சு."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு என் கண்ணில் தெரிந்த ஒளியைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். (பிற்பாடு அவள் இதைப் பற்றிச் சொன்னது: "அண்டைக்கே நான் கதைச்சிரிக்கணும்.")

வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. மாமா வரமாட்டேன் என்று இரண்டு தரம் சொல்லி, மாமி கோபித்துக்கொண்ட பிறகு சரி என்றார். சிபானாவுக்கு அன்று பாமசியில் லீவு கிடைக்கவில்லை. நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்தான் வரமுடியும் என்றாள். அதனால் குசினி முழுவதும் என் ஆட்சியில் வந்தது. எங்களிடம் பெரிய பானை இல்லை. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி திரேசா அக்காவிடம் கேட்டேன். அவர் பாடசாலை ஆசிரியை. நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) புழங்கும் பெரிய பானையைப் பளபளவென்று துடைத்துத் தந்தார்.

"எத்தின பேருக்குத் தம்பி?"

"நாங்க அஞ்சு பேர் அக்கா. கூடக் காச்சி அக்கம்பக்கத்துக்கும் குடுக்கலாம் எண்டு."

அக்கம்பக்கத்தின் நல்ல காலம், அந்த எண்ணம் நிறைவேறவில்லை.

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அடுப்பை மூட்டினேன். எங்கள் ஊர் நோன்புக் கஞ்சி மிகவும் சாதுவான சாமான். அரிசி, தேங்காய்ப்பால், உள்ளிப்பூண்டு, இஞ்சி, றம்பை இலை, கொஞ்சம் இறைச்சி, வாசத்துக்கு ஒரு சிட்டிகை வெந்தயம். இறைச்சிக்குப் பதிலாக நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்துத் தூளாக்கிப் போட்டேன்: கல்சியம். முளைத்த பயற்றைக் கொட்டினேன்: புரதம். முருங்கையிலையை அரைத்து ஊற்றினேன்: எல்லாம். அரிசியின் பாதியைக் குறைத்துக் குரக்கன் மாவைச் சேர்த்தேன்: இரும்பு. மாமாவுக்குச் சீனி வருத்தம் என்பது ஞாபகம் வந்தது. சீனிக்கு வெந்தயத்தைப் போல மருந்தில்லை என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். சிட்டிகை என்ன சிட்டிகை, மாமா மேலிருந்த அன்பில் ஒரு கோப்பை வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் போட்டேன்.

பானைக்குள் அது கொதித்த விதமே வேறு. சாதாரணக் கஞ்சி தளதளவென்று கொதிக்கும். இது சற்று நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருந்துவிட்டு, நடுவில் ஒரு குமிழியை எழுப்பி, 'பொளக்' என்று வெடித்துவிட்டு மறுபடி அடங்கும். நிறம் என்னவென்று சொல்வது? எருமைகள் குளித்துவிட்டுப் போன குளத்தை ஒருவர் பச்சை நிறத்தில் படம் வரைந்தால் அப்படி இருக்கும்.

உப்புப் போட்டேன். அப்போதுதான் அந்தப் பெரிய உண்மை எனக்கு உறைத்தது. நான் நோன்பு. ருசி பார்க்க முடியாது.

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம் என்று சொல்வார்கள். சிபானாவும் என் உம்மாவும் காலமெல்லாம் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்துப் பசியில், வாய்க்குள் போனதை நான் துப்புவேன் என்று எனக்கே என்னில் நம்பிக்கை இல்லை.

யோசித்தேன். கீழே திரேசா அக்கா இருக்கிறார். அவர் கத்தோலிக்கர், நோன்பில்லை. ஒரு கிண்ணத்தில் கஞ்சியை அள்ளிக்கொண்டு படியிறங்கினேன்.

"அக்கா, ஒரு உதவி. இதில உப்புப் புளி சரியா எண்டு ஒருக்கா வாயில வெச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஐயோ தம்பி, தவக்காலம். வெள்ளிக்கிழமையில நான் ஒருசந்தி. செபம் முடிஞ்சு இரவுதான் சாப்பாடு" என்றார்.

கல்முனையில் அன்றைக்கு நோன்பில்லாத வாயே கிடையாது போலும் என்று நினைத்தேன். அப்போது உள்ளே சாய்மனைக் கதிரையில் போர்த்துக்கொண்டு படுத்திருந்த அவருடைய கணவர் அன்ரன் அண்ணன் கையை நீட்டினார்.

"இஞ்ச தாங்க தம்பி. எனக்கு ஒருசந்தியும் இல்ல ஒண்டும் இல்ல."

மளமளவென்று இரண்டு கரண்டி சாப்பிட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒரு நடுக்கம் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"நல்லாக் கிடக்குது தம்பி. உப்புத்தான் கொஞ்சம் காணாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றுக்கு இரண்டு படியாகத் தாவி ஏறி மேலே போய், கையால் அள்ளி உப்பைப் போட்டேன்.

சிபானா மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது பாங்குக்கு அதிக நேரம் இருக்கவில்லை. பர்தாவைக்கூடக் கழற்றாமல் நேரே குசினிக்கு வந்தாள். மூடியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"மச்சான், இது ஏன் பச்சையா இரிக்கி?"

"முருங்கையிலை."

"இது ஏன் அசையுதில்ல?"

அகப்பையைப் பானைக்குள் விட்டுக் கிண்டப் பார்த்தாள். அகப்பை உள்ளே போயிற்று. வரவில்லை. கையை எடுத்தாள். யாரும் பிடிக்காமல் அது பானை நடுவில் கொடிமரம் போல நிமிர்ந்து நின்றது. அடுப்பை அணைத்த பிறகும் குரக்கன் தன் வேலையை நிறுத்துவதில்லை என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். சுடுதண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் மேலே நின்றது. கஞ்சி கீழே நின்றது. இரண்டும் ஒன்றோடொன்று கதைக்கவில்லை.

"அல்லாட காவல்" என்று சிபானா சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே ஓட்டோச் சத்தம் கேட்டது.

மாமா, மாமி, சிபானாவின் தங்கச்சி ஹஸ்னா மூன்று பேரும் படியேறி வந்தார்கள். ஹஸ்னா ஒலுவில் கம்பசில் படித்துக்கொண்டிருந்தாள். நாவுக்குப் பூட்டுப் போடத் தெரியாத பிள்ளை. மாமா என்னைப் பார்த்து சலாம் சொன்னார், கையைப் பிடித்தார், ஆனால் கண்களைச் சுவரில் வைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்ததும் அவருக்குச் சுவர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். உடனே கண்களை நிலத்துக்கு மாற்றிக்கொண்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் கஞ்சி இவருடைய கவலையெல்லாம் தீர்த்துவிடும் என்று (அகப்பை நின்ற காட்சியைக் கண்ட பிறகும்!) நான் மனதார நம்பினேன்.

மாமி கையில் ஒரு பெரிய பார்சல். அதிலிருந்து வந்த வாசம் பதின்மூன்று மணித்தியாலப் பசியை உலுக்கியது.

"என்ன மாமி இது?"

"சம்சா மனே. கொஞ்சம் றோலும் போட்டுக் கொண்டுவந்த."

நான் சிரித்துக்கொண்டே அந்தப் பார்சலை வாங்கினேன். "மாமி, இனி இந்த ஊட்டில எண்ணெய்ப் பலகாரம் இல்ல. இண்டைக்கு எல்லாம் சத்துத்தான்" என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் அறையில் அலுமாரிக்கு மேலே, கையெட்டாத இடத்தில் வைத்தேன். மாமியின் கண்கள் அந்தப் பார்சலோடு போய் அலுமாரி வரைக்கும் நின்று திரும்பி வந்தன. "நல்லம் மனே" என்றார் மெதுவாக.

பாய் விரித்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். பேரீத்தம்பழம், வத்தகப்பழம், தண்ணீர், எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொரு கோப்பை கஞ்சி. கஞ்சி என்று வழக்கத்துக்காகச் சொல்கிறேன். ஊற்ற வராததால் சிபானா அதை வெட்டித்தான் வைத்தாள்.

பாங்கு ஒலித்தது. பேரீத்தம்பழத்தால் நோன்பைத் திறந்தோம். தண்ணீர் குடித்தோம். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கரண்டியை எடுத்தார்கள்.

முதலில் உப்பு வந்தது. கடலில் குளிக்கும்போது அலை முகத்தில் அடிக்குமே, அந்த உப்பு. அது போகட்டும் என்று விழுங்கினால், அதற்குப் பின்னால் மறைந்திருந்த கசப்பு மெதுவாக எழுந்து வந்தது. நாக்கில் ஏறி, அண்ணத்தில் பரவி, காதுக்குள் போய் உட்கார்ந்தது. காதால் கசப்பை உணர முடியும் என்பதை நான் அதுவரை அறியவில்லை. கடைசியாக நெத்தலித் தூள் மேலெழுந்து எல்லாவற்றுக்கும் ஒரு கருவாட்டு வாசத்தைக் கொடுத்தது.

மாமி கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் இருந்ததை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல், "மாஷா அல்லாஹ்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சிபானா குனிந்தபடி தண்ணீர்க் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள்; அவள் தோள் ஆடிக்கொண்டிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஹஸ்னாதான் முதலில் வாய் திறந்தாள். "மச்சான், இதக் குடிக்கிறதா, கடிக்கிறதா?"

"வாய மூடு புள்ள" என்றார் மாமி.

நான் மாமாவைப் பார்க்கத் துணியவில்லை. பட்டினி இல்லை என்று காட்டத்தானே கூப்பிட்டேன்? இதைக் கண்டால் எந்த வாப்பாவும் என்ன நினைப்பார்? என் பிள்ளைக்குப் பட்டினியே மேல் என்றல்லவா நினைப்பார்! அந்தக் கசப்போடு நெஞ்சுக்குள் இன்னொரு கசப்பு இறங்கியது. எவ்வளவோ சொல்ல நினைத்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம் மாமா, வீடு மெதுவாக வரட்டும், நீங்கள் முன்போல வந்து போங்கள் என்றெல்லாம். ஒரு சொல் வரவில்லை. வாய் ஒட்டியிருந்தது. (உண்மையிலேயே ஒட்டியிருந்தது. குரக்கன்.)

மாமா ஒரு கரண்டியை முழுதாக விழுங்கினார். எங்களில் விழுங்கியது அவரும் நானும் மட்டும்தான். பிறகு கரண்டியின் முனையால் கஞ்சியின் மேல் மெதுவாகத் தட்டினார். 'டொக்' என்று கேட்டது. கோப்பையைக் கையில் எடுத்தார். ஒரு பக்கமாகச் சரித்தார். இன்னும் சரித்தார். முழுதாகக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. கவிழ்த்த கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கீழேயிருந்து பார்த்தார், மேசன் வேலையைச் சரிபார்ப்பவரைப் போல.

பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"மகன்," என்றார் மிகவும் நிதானமாக, "இது எந்தக் கொம்பனிச் சீமெந்து?"

எங்கள் குடும்பத்தில் யாரும் உச்சரிக்காத அந்தச் சொல், கூடத்தின் நடுவில் வந்து விழுந்து கிடந்தது. சிபானாவின் கை கிளாசிலேயே நின்றது.

"ஏனெண்டு கேட்டா," மாமா தொடர்ந்தார், "நான் அம்பாற, அக்கரைப்பத்து எண்டு அலையாத கட இல்ல. ஒரு பேக் கிடைக்கல்ல. மருமகன் ஊட்டுக்குள்ளயே குழைச்சி வெச்சிக்கிட்டு ஒரு சொல்லுச் சொல்லல்லயே!"

முதலில் சிரிப்பு வெடித்தது ஹஸ்னாவுக்கு. பிறகு சிபானா, அவள் வாயிலிருந்த தண்ணீர் பாய் முழுக்கத் தெறித்தது. மாமி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மாமா சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. லொறி ஸ்டார்ட் எடுக்கிற மாதிரி முதலில் இரண்டு மூன்று தரம் உறுமி, பிறகு பிடித்துக்கொண்டது, நிற்கவேயில்லை. கண்ணீர் தாடியில் வழிய வழிய, "மேசனையும் கூட்டி வந்திரிந்தா இண்டைக்கே கூரை வரைக்கும் எழுப்பியிரிக்கலாம்" என்றார். நானும் சிரித்தேன். எனக்கு அழுகையும் வந்தது. வெந்தயத்தால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்தச் சத்தம் கேட்டுத்தான் திரேசா அக்கா மேலே வந்தார். பானையைத் திருப்பி வாங்கிப்போகலாம் என்று வந்தவர், கதவடியில் நின்று பானைக்குள் நிமிர்ந்து நின்ற அகப்பையைப் பார்த்தார். நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்:

"அக்கா, அண்ணன் இத நல்லாக் கிடக்குது எண்டுதானே சொன்னாரு?"

"அவரா?" அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அவருக்கு மூண்டு நாளாத் தடிமனும் சளியும் தம்பி! மூக்குமில்ல, நாக்குமில்ல. காலையில தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுக் குடுத்துட்டன். 'நல்லாக் கிடக்குது, சீனி காணாது' எண்டாரு."

அதற்கு மேல் யாராலும் உட்கார முடியவில்லை. ஹஸ்னா பாயிலேயே உருண்டாள்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை. நான் எழுந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அலுமாரிக்குப் பக்கத்தில் போட்டு, அதன் மேல் ஏறி, என் கையால் வைத்த சம்சாப் பார்சலை என் கையாலேயே இறக்கிவர வேண்டியிருந்தது. "பாத்து மனே, விழுந்துராதீங்க" என்றார் மாமி. அந்தக் குரலில் இருந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், திரேசா அக்கா தன் வீட்டிலிருந்து சோறும், சூடை மீன் பாலாணமும், முருங்கையிலைச் சுண்டலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்கட சாப்பாட்டு நேரமும் வந்திட்டுது. எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுவம்" என்று அன்ரன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். சூடை மீன் அந்த நாட்களில் சந்தையில் கிடைத்த மலிவான மீன். முருங்கையிலை அந்த வாடகை வீட்டு முற்றத்து மரத்திலேயே இருந்தது, நான் பறித்தது போக மீதி. தேங்காய்ப்பாலில் மெல்லிய புளிப்போடு அந்தப் பாலாணம் தொண்டையில் இறங்கியபோது, மாமா இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினார். சிபானா என் காதுக்குள், "இதுலயும் சத்து இரிக்காம் மச்சான்" என்றாள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்ரன் அண்ணன் மட்டும், பாவம், ஒன்றும் விளங்காமல், என் கஞ்சியில் இன்னொரு துண்டைத் தன் கோப்பையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பானையை வெறுமையாக்க உதவிய ஒரே மனிதர் அவர்தான். மீதியை அடுத்த நாள் மதில் மேல் காகங்களுக்கு வைத்தோம். ஒரு காகம் வந்து கொத்தியது, சற்று நேரம் அலகைத் திறந்தபடி எங்களைப் பார்த்தது, பறந்து போயிற்று. பானை அக்காவிடம் திரும்பிப் போக அடுத்த வெள்ளி ஆகிவிட்டது.

மாமா அன்றிரவு புறப்படும்போது படியில் நின்று என் தோளில் கை வைத்தார். "ஞாயித்துக்கிழம வாங்க மகன், ஊட்டப் பாக்கப் போவம். ஆடு படுத்துக் கிடக்கிறதயும் பாருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை போனோம். ஆடுகள் இருந்தன. மாமா ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய், இது குசினி என்று ஓர் இடத்தைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இதுக்குக் கதவு போட்டுப் பூட்டி, பூட்டுத் திறப்ப மகளுக்கிட்டக் குடுக்கணும்" என்றார்.

இப்போது நாங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். குசினிக்குப் பூட்டு இல்லை, ஆனால் நோன்பு மாதத்தில் நான் அதன் பக்கம் போனால் சிபானா தொண்டையைச் செருமுவாள். பழம் வெட்டுகிறேன். அந்த உரிமை மட்டும் என்னிடம் இருக்கிறது.

போன வருடம் ஹஸ்னாவுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை நிந்தவூர்ப் பிள்ளை, பொறியியலாளர், நல்ல குணம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பொழுதுபோக்கு என்னவென்று யாரோ கேட்டார்கள். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "சமைக்கிறதில கொஞ்சம் விருப்பம். உடம்புக்குச் சத்தா, செலவில்லாம என்ன செய்யலாம் எண்டு போன்ல பாத்துச் செஞ்சி பாப்பன்."

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன. உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஹஸ்னாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் வாப்பா என்ன பிழை நடந்துவிட்டது என்று தெரியாமல் திகைத்துப் போனார்.

மாமா தாடியைத் தடவிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு முன்னால் குனிந்தார்.

"எல்லாம் சந்தோஷம் மகன். ஒரேயொரு கேள்வி," என்றார். "கஞ்சி காச்சுவீங்களா?"